ஒற்றைக் கைக்கு ஒரு தூண்டில்

இது நடந்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது. யங்கூனில் மழை விட்டு, தடின்ஜுட் விளக்குத் திருவிழா முடிந்து, வெயில் கொஞ்சம் இதமாகிற சமயம். ஊரே விளக்கேற்றிக் கொண்டாடி ஓய்ந்திருந்தது. எங்கள் வீட்டில் ஐந்து மாதமாக எந்தக் கொண்டாட்டமும் இல்லை. என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்திருந்தது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கோபம் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். ஸ்டிராண்ட் ரோட்டில் ஒரு சரக்குக் கப்பல் ஆபீஸில் கிளார்க்காக இருக்கிறேன். லாரிக்காரர்களோடு கத்திக் கத்தியே தொண்டை இப்படி ஆகிவிட்டது. என் வீட்டுக்காரர் எனக்கு நேர் எதிர், அதிர்ந்து பேச மாட்டார். அவருக்கு உலகத்தில் ஒரே ஒரு பைத்தியம்தான், மீன் பிடிப்பது. புழுவைக் குத்திப் போட்டுவிட்டுக் கொட்டாவி விடுகிற மீன்பிடிப்பு இல்லை. மரத்திலும் பிளாஸ்டிக்கிலும் செய்த பொய் மீனைத் தூர எறிந்து, அதை நிஜ மீன் மாதிரி நீந்த வைத்து, கொடுவா மீனை ஏமாற்றிப் பிடிப்பது. ‘சீபாஸ்’ என்று ஏதோ சொந்தக்காரர் பெயரைச் சொல்வது போலச் சொல்வார். கலங்கின தண்ணீருக்கு எந்த நிறம், மேகம் போட்டால் எது, வெயிலடித்தால் எது என்று ஆரம்பித்தாரானால் நான் சமையலறைக்குள் ஓடிவிடுவேன். மாவ்பி பக்கம் கட்டணம் வாங்கிக்கொண்டு மீன் பிடிக்க விடுகிற குளங்கள் இருக்கின்றன. சனிக்கிழமை விடிந்தால் ஆள் அங்கேதான்.

பக்கவாதம் அவருடைய வலது பக்கத்தை அடித்தது. கால் மெதுவாகத் திரும்பியது, கம்பு ஊன்றி நடந்தார். தோளும் முழங்கையும் ஏதோ கொஞ்சம் அசைந்தன. விரல்கள் மட்டும் அப்படியே கிடந்தன. வாய் ஒரு பக்கம் கோணியதால் பேச்சு குழறியது, ஓரத்தில் எச்சில் வழிந்தது. அந்த வெட்கத்தில் வெளி ஆட்களிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். சர்ச்சிலிருந்து ஜெபம் பண்ண வந்தவர்கள்கூட அவர் முதுகைத்தான் பார்த்துவிட்டுப் போனார்கள். என்னிடமும் ‘ம்’, ‘வேண்டாம்’ இரண்டுதான். ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் சாய்த்து வைத்திருந்த தூண்டில் கோல்களைக் காட்டி, எல்லாவற்றையும் விற்றுவிடச் சொன்னார். ஆஸ்பத்திரியில்கூட நான் அப்படிப் பயந்ததில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க வாரம் இரண்டு முறை ஒரு பர்மிய அம்மா வருவார். அவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஒன்று சொன்னார். “நான் இழுத்து மடக்கி விடலாம். ஆனா இவருக்கு எது மேலயும் ஆசை இல்லையே அமா. ஆசைப்படாத மனுஷனுக்குக் கை எதுக்காகத் திரும்பி வரும்?” இங்கே அமா என்றால் அக்கா.

சரி, ஆசையை நாமே வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்று கிளம்பினேன். என் புத்தி அப்படித்தான். யாரையும் கேட்கவில்லை. ஃபேஸ்புக்கில் தேடினேன். வலது கை விளங்கவில்லை, இடது கை இருக்கிறது, அப்படியானால் இடது கைக்காரர்களுக்கான தூண்டில் வேண்டும், அவ்வளவுதானே? இருப்பதிலேயே உசத்தியானதாக ஒன்றைத் தருவித்தேன். கோல் ஏழடி நீளம், பளபளவென்று நீல நிறம். நைலான் நரம்பு சுற்றுகிற ரீல் வெள்ளி மாதிரி மின்னியது. அவர் கட்டிலில் கொண்டுபோய் வைத்து, “பாருங்க, உங்க இடது கைக்குன்னே வாங்கினேன்” என்று பெருமையாகச் சொன்னேன்.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு இடது கை விரலால் ரீலின் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினார். அது வலது பக்கம் இருந்தது. இடது கைக்காரர்கள் இடது கையால் கோலைப் பிடித்துக்கொண்டு வலது கையால் சுற்றுவார்களாம். செத்துப்போன கையால் சுற்றச் சொல்லி ஒரு சாமானை நான் ஆசையாக வாங்கி வந்திருக்கிறேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். என்னை நாலு திட்டுத் திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் அந்தக் கோலைத் தூக்கிக்கொண்டு பபேடான் கடைத்தெருவுக்குப் போனேன். மசூதிக்கும் ஒரு பூஜைச் சாமான் கடைக்கும் நடுவே ஒடுக்கமாக ஒரு தூண்டில் கடை இருப்பதைப் போகவர பார்த்திருக்கிறேன். உள்ளே லுங்கியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வெற்றிலைக் கறை வாயோடு என் வயதுக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நான் பர்மிய மொழியில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பதில் சொல்லாமல் கோலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்குத்தான் பொறுமை கிடையாதே. “நல்லா வாயில வெத்தலையை அடைச்சுக்கிட்டு உக்காந்திருக்கு பாரு, மண்ணு மாதிரி” என்று தமிழில் முணுமுணுத்தேன்.

அவர் நிதானமாகத் துப்பிவிட்டு வந்து, “வாய் காலியாயிடுச்சு அமா, இப்ப பேசலாம்” என்றார். தமிழில்!

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அவருடைய அப்பா தமிழர், அம்மா பர்மியர். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போதுதான் பாதியில் பர்மிய மொழிக்குத் தாவிவிடுவார். இந்தக் கோல் என் வீட்டுக்காரருக்கு ஒத்து வராது என்று முதலில் சொன்னார். பிறகு கேள்வி கேட்க ஆரம்பித்தார். மீனைப் பற்றி ஒரு கேள்விகூட இல்லை. நிற்கும்போது எந்தக் காலில் பாரம் போடுகிறார்? வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைக்க முடிகிறதா? கோபக்காரரா, பொறுமைசாலியா?

“அவர் பொறுமைசாலி, நான்தான் கோபக்காரி” என்றேன்.

“அது தெரியுது” என்றார்.

கடைசியாக ஒரு பர்மியப் பத்திரிகையை நான்காக மடித்துக் காட்டினார். “இதே மாதிரி மடிச்சு சயாவோட வலது அக்குள்ல வைங்க அமா. பிடிச்சுக்கச் சொல்லிட்டு மெல்ல இழுங்க. வருதா, நிக்குதான்னு வந்து சொல்லுங்க.” சயா என்றால் வாத்தியார். மரியாதைக்கு எல்லோரையும் அப்படிச் சொல்வது இங்கே வழக்கம். முகம் தெரியாத என் வீட்டுக்காரரை அவர் முதல் நாளிலிருந்தே சயா என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்து பேப்பரை அக்குளில் செருகினேன். இவள் முழுசாகக் கழன்றுவிட்டாள் என்கிற மாதிரி என் வீட்டுக்காரர் பார்த்தார். இழுத்தேன். முதல் தடவை வந்துவிட்டது. “ஏங்க, கெட்டியாப் பிடிங்களேன்!” என்று அதட்டினேன். இரண்டாம் தடவை இழுத்தபோது பேப்பர் கிழிந்து பாதி என் கையோடு வந்தது, மீதி அங்கேயே நின்றது. அந்தக் கிழிந்த துண்டையே கடைக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். கடைக்காரர் அதை வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “போதும் அமா. இது இருந்தா மீன் பிடிக்கலாம்.”

அவர் விளக்கியபோதுதான் எனக்குப் புரிந்தது. இடது கையால் எறியணும். எறிந்த உடனே கோலின் அடிப்பகுதியை வலது அக்குளில் இடுக்கிக்கொள்ளணும். அப்போது இடது கை சும்மா ஆகிவிடும், அதே கையால் சுற்றணும். ஆகவே கைப்பிடி இடது பக்கம் இருக்கிற ரீல்தான் வேண்டும். பொத்தானை அமுக்கி எறிகிற சுலபமான ரீல் ஒன்று அவரிடமே இருந்தது. அதைக் கொடுத்துவிடலாமே என்றேன். தலையாட்டி மறுத்தார். அது சின்னப் பிள்ளைகள் பழகுகிற ரீலாம். “சயா மாதிரி ஆளுக்கு அதைக் கொடுத்தா, இனிமே நீ இவ்வளவுதான்னு சொல்ற மாதிரி ஆயிடும்.” கட்டை விரலால் நரம்பைக் கட்டுப்படுத்தி எறிகிற பெரிய ஆட்களின் ரீலைத்தான் கொடுக்கணும், ஆனால் கோலை இந்தக் கைக்கு ஏற்ற மாதிரி தானே கட்டித் தருவதாகச் சொன்னார். பத்து நாள் கேட்டார்.

பத்து நாள் கழித்துப் போனேன். இன்னும் ஒரு வாரம் என்றார். ஒரு வாரம் கழித்துப் போனேன். அடுத்த சனிக்கிழமை என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. வீட்டில் அவர் சாப்பாட்டைப் பாதியில் ஒதுக்க ஆரம்பித்திருந்தார். பயிற்சி அம்மா வந்தால் தூங்குவது போல நடித்தார். ஒவ்வொரு நாளும் அவர் கொஞ்சம் கொஞ்சமாக என்னை விட்டுத் தூரப் போவது போல இருந்தது. இந்த ஆளானால் வாயில் வெற்றிலையோடு நாளைக்கு வா, நாளைக்கு வா என்கிறார். இழுத்தடித்து விலையை ஏற்றுகிற வேலை என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அடுத்த நாள் மத்தியானம் ஆபீஸில் சொல்லிவிட்டுச் சண்டைக்கென்றே கிளம்பினேன். கடை மூடியிருந்தது. பக்கத்து டீக்கடைக்காரர், “அவனா? ரெண்டு வாரமா மத்தியானமானா கடையை மூடிட்டு போட்டாதாங் படகுத்துறைக்குப் போயிடறான். புத்தி பேதலிச்சுப் போச்சு” என்றார். பொழுது போக்கப் போகிறாரா, பார்த்துவிடலாம் என்று நானும் பஸ் பிடித்து ஆற்றங்கரைக்குப் போனேன். வழியெல்லாம் என்னென்ன கேட்கணும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

துறையில் மூட்டை தூக்குகிறவர்கள் ஏழெட்டுப் பேர் கூடி நின்று விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். கடைக்காரர்தான். வலது கையைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஒரு துண்டால் உடம்போடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தார். இடது கையால் ஒரு கட்டையான கோலை வீசினார். பொய் மீன் தண்ணீருக்குப் போகாமல் பின்னால் ஒரு மூட்டையில் போய்க் குத்தியது. கூட்டம் கைதட்டியது. அடுத்த தடவை ரீலில் நரம்பு கசமுசவென்று சிக்கிக்கொண்டது. அவர் அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, பல்லால் ஒரு நுனியைக் கடித்துக்கொண்டு, ஒற்றைக் கையால் சிக்கெடுக்க ஆரம்பித்தார். நெற்றியிலிருந்து வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துண்டை அவிழ்த்தால் அரை நிமிஷ வேலை. அவர் அவிழ்க்கவே இல்லை.

நான் ஒத்திகை பார்த்த வார்த்தை ஒன்றுகூட வெளியே வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. சே, இந்த மனுஷரையா அப்படி நினைத்தோம் என்று என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. ஐந்து மாதம் பக்கத்திலேயே இருந்த எனக்கு ஒரு நாளாவது என் வலது கையைக் கட்டிக்கொண்டு ஒரு வாய் சோறு சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றியதா?

என்னைப் பார்த்ததும் அவருக்கு ஒரே கூச்சம். “கோபப்படாதீங்க அமா. கையைக் கட்டிப் பார்க்காம எனக்குத் தெரியாது” என்றார். ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டினார். முதலில் கட்டிய கோலின் அடி கட்டையாக இருந்ததால் அக்குளிலிருந்து நழுவியதாம். நீளமாக்கினால் விலாவில் இடித்ததாம். சட்டையைத் தூக்கிக் காட்டினார், கன்றிப்போய் நீலமாக இருந்தது. அதனால் அடியில் சைக்கிள் டியூபைச் சுற்றி மெத்தென்று ஆக்கியிருந்தார். இதையெல்லாம் ஏதோ சுவாரசியமான கதை மாதிரி சொன்னார்.

பொய் மீனைத் தேர்ந்தெடுத்த விதம்தான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். என் வீட்டுக்காரருக்குப் பிடித்ததெல்லாம் தண்ணீர் மேல் தத்தித் தத்திப் போகிற வகை. அதற்குக் கோலை நொடிக்கொரு தரம் வெட்டி வெட்டி ஆட்டணும். அக்குளில் இடுக்கின கோலை எப்படி ஆட்டுவது? அதனால் சும்மா சுற்றினாலே தானாக நெளிந்து போகிற வகையைப் பார்த்தார். அதிலும் மூழ்குகிற மீனாக இருந்தால், கை ஓய்ந்து நிறுத்தும்போது அடியில் போய்க் கட்டையில் மாட்டும். ஆகவே மிதக்கிற உடம்பும், முகத்தில் ஒரு சின்னத் தகடும் உள்ளதை எடுத்தார். சுற்றினால் முங்கும், நிறுத்தினால் மெல்ல மேலே வரும். “சயாவுக்குக் கை வலிச்சா நிறுத்துவாரில்ல? கொடுவா அடிக்கிறதே அந்த நேரம்தான் அமா. அது மேல ஏறும்போது ஓடி வந்து அடிக்கும்.” என் வீட்டுக்காரருடைய பலவீனத்தையே மீன் பிடிக்கிற வித்தையாக மாற்றி வைத்திருந்தார் அந்த மனுஷர். மூன்று கிளை உள்ள தூண்டில் முள்ளைக் கழற்றிவிட்டு ஒற்றை முள் போட்டு, அதன் நுனியில் மீன் கழன்று போகாமல் பிடிக்கிற எதிர்முள்ளையும் நசுக்கியிருந்தார். ஒற்றைக் கைக்காரர் விரலில் குத்திக்கொண்டால் கழற்றுவது யார் என்று அதற்கும் ஒரு யோசனை.

அந்தச் சனிக்கிழமை மூன்று பேரும் மாவ்பி குளத்துக்குப் போனோம். என் வீட்டுக்காரர் வர மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. எங்கே கூட்டிப் போனால் என்ன என்கிற மாதிரி டாக்ஸியில் ஏறி உட்கார்ந்தார், அது இன்னும் பயமாக இருந்தது. குளக்கரையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்தேன். கடைக்காரர் வணக்கம் சொன்னார். இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அவர் கட்டாயப்படுத்தவில்லை. புதுக் கோலை நாற்காலியில் சாய்த்து வைத்தார். அதே மாதிரி தனக்காகச் சோதனைக்குக் கட்டிய கோலை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப் போனார். என்னிடம் வந்து முதுகைக் காட்டி, துண்டைக் கட்டிவிடச் சொன்னார். கட்டினேன். அவர் தன் பாட்டுக்கு எறிய ஆரம்பித்தார்.

ஐயோ, அந்தக் கண்றாவியை என்னவென்று சொல்ல! ஒன்று ஆகாயத்தாமரையில் விழுந்தது, ஒன்று மரக்கிளையில் தொங்கியது, ஒன்று அவர் லுங்கியிலேயே மாட்டியது. பக்கத்தில் மீன் பிடித்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் ஓரக்கண்ணால் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். முதலில் பார்க்காத மாதிரி இருந்தார். பிறகு கட்டப்பட்ட அந்தக் கையைப் பார்த்தார். வெகுநேரம் அதையே பார்த்தார். பிறகு வீச்சைப் பார்த்தார். ஒவ்வொரு வீச்சுக்கும் அவர் முகம், தப்பாகப் பாடுகிறவரைக் கேட்கும் பாட்டு வாத்தியார் முகம் மாதிரி சுளித்தது. எட்டாவதோ ஒன்பதாவதோ வீச்சில் தாங்க முடியாமல் கத்திவிட்டார்.

“தாழ்த்து! கையைத் தாழ்த்து!”

பர்மிய மொழியில், குழறிக் குழறி, ஆனால் கரை முழுக்கக் கேட்கிற மாதிரி. ஐந்து மாதத்தில் வெளி மனுஷரிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இவருக்கு அதெல்லாம் கண்ணில் படவே இல்லை. கடைக்காரர், “எப்படி சயா?” என்று அப்பாவியாகக் கேட்டார். என் வீட்டுக்காரர் கம்பை ஊன்றி எழுந்து, கம்பை என்னிடம் நீட்டிவிட்டு, கோலை எடுத்தார்.

முதல் வீச்சு காலடியிலேயே விழுந்தது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, தாழ்வாக, தண்ணீரை ஒட்டிப் பறந்து போய்ச் சத்தமில்லாமல் விழுந்தது. கோல் அக்குளுக்குள் போனது. இடது கை சுற்றியது. அப்புறம் எத்தனை வீச்சோ, எண்ணவில்லை. ஒரு தடவை கை ஓய்ந்து நிறுத்தினார். தண்ணீர் ‘டப்’பென்று வெடித்தது. கோல் வில்லாக வளைந்தது.

“என்னங்க!” என்று நான் ஓடினேன்.

“தொடாதே!” என்று என்னைப் பார்த்து ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், கல்யாணமான நாளிலிருந்து அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்லை. தொடவில்லை. வெள்ளியாக ஒரு கொடுவா முழு உடம்பும் தெரியத் துள்ளித் தலையை உதறியது. விலாவை முழங்கையால் அழுத்தி, பல்லைக் கடித்து, இழுத்து இழுத்துக் கரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டார். கடைசி முழத்தில் மீன் இன்னொரு தரம் உதறியது. முள் கழன்று பொய் மீன் பறந்து வந்து புல்லில் விழுந்தது. மீன் போய்விட்டது.

முடிந்தது, இனி இவரை எழுப்பவே முடியாது என்று நினைத்தேன். அவர் பொய் மீனைக் கையிலெடுத்து முள்ளைப் பார்த்தார். பிறகு கடைக்காரர் பக்கம் திரும்பிச் சண்டைக்குப் போனார்.

எதிர்முள்ளை யார் நசுக்கச் சொன்னது? கொடுவாவுக்கு எதிர்முள் இல்லாமல் முள் போடுகிற கடைக்காரன் உலகத்தில் உண்டா? கடைக்காரரும் விடவில்லை. கையில் குத்தினால் என்ன செய்வீர்கள் சயா என்றார். அது என் கை, என் பாடு என்றார் இவர். மரத்தடியில் அரை மணி நேரம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஒற்றைக் கையை ஆட்டி ஆட்டி வாதாடினார்கள். கடைக்காரர் கை இன்னும் கட்டியே இருந்தது. என் வீட்டுக்காரர் வாயோரத்தில் எச்சில் வழிந்து சட்டையை நனைத்தது. துடைக்கக்கூட அவருக்கு நேரம் இல்லை. நான் திரும்பி நின்று சிரித்துக்கொண்டே அழுதேன்.

கிளம்பும்போது கடைக்காரரிடம் ரகசியமாகக் கேட்டேன், வேண்டுமென்றேதானே அப்படிக் கோணல் மாணலாக எறிந்தீர்கள் என்று. அவர் முகம் பரிதாபமாகிவிட்டது. “இல்ல அமா, நெசமாவே எனக்கு வரல” என்றார்.

என் வீட்டுக்காரர் இப்போதும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். விரல்கள் முழுசாகத் திரும்பவில்லை, இரண்டு மட்டும் லேசாக மடங்குகின்றன. சனிக்கிழமைகளில் அவரும் கடைக்காரரும் சேர்ந்துதான் மாவ்பிக்குப் போகிறார்கள், சண்டை இன்னும் தீரவில்லை. இன்னொருவருடைய கஷ்டத்தைத் தன் உடம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பார்த்த ஒரு மனுஷரை நான் நேரில் பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகு யாரிடமும் ‘உங்க கஷ்டம் எனக்குப் புரியுது’ என்று சட்டென்று சொல்ல எனக்கு வாய் வருவதே இல்லை.